டேவ் கேலஹர்: 1905 ஆல் பிளாக்ஸ் கேப்டனைப் பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

ரக்பி பார்க்க ஆரம்பிச்ச நண்பர்கள் என்கிட்ட அதிகமா கேக்குறது இந்த ஒரு ஆளைப் பத்திதான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்குப் பதிலா எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன். இவரைச் சுத்தி கட்டுக்கதைகள் ஜாஸ்தி, எது கதை எது நிஜம்னு அங்கங்கேயே சொல்லிடுறேன்.

யாருங்க இந்த டேவ் கேலஹர்?

நியூசிலாந்து ரக்பி டீம் (ஆல் பிளாக்ஸ்னு சொல்றது இவங்களைத்தான்) 1905-ல முதல் தடவையா ஆஸ்திரேலியாவைத் தாண்டி பிரிட்டன், அயர்லாந்து, பிரான்ஸ், அமெரிக்கான்னு ஒரு பெரிய டூர் போச்சு. அந்த டீமோட கேப்டன் இவர். இன்னைக்கு "ஒரிஜினல்ஸ்"னு சொல்றது அந்த டீமைத்தான். இவர் ஆடின டெஸ்ட் மேட்ச் (நாட்டுக்கு நாடு மோதுறது) மொத்தமே 6, நியூசிலாந்துக்காக ஆடின எல்லா மேட்சையும் சேர்த்தா 36. நம்பரை மட்டும் பார்த்தா பெருசா தெரியாது, ஆனா அவங்க நாட்டு ரக்பியை யார்கிட்டயாவது விளக்கணும்னா இவர்கிட்ட இருந்துதான் ஆரம்பிக்கணும்.

அவர் நியூசிலாந்துக்காரரா அயர்லாந்துக்காரரா?

பொறந்தது அயர்லாந்துல, டோனிகால் பக்கம் ரமெல்டன்னு ஒரு சின்ன ஊர், 1873 அக்டோபர் 30. அப்பா கடை வெச்சிருந்தவர், ஏற்கனவே மனைவியை இழந்தவர், அம்மா மரியா ரெண்டாம் தாரமா வந்தவங்க, ரெண்டு பேருக்கும் வயசு வித்தியாசம் கிட்டத்தட்ட 40 வருஷம். 1878-ல குடும்பத்தோட கப்பல் ஏறி நியூசிலாந்து வந்துட்டாங்க. அயர்லாந்தோட வடக்குல இருக்குற அல்ஸ்டர் பகுதி புராட்டஸ்டன்ட் குடும்பங்களை மொத்தமா கூட்டிட்டுப் போய் காட்டிகாட்டின்னு ஒரு இடத்துல குடியேத்தினார் ஜார்ஜ் வெசி ஸ்டூவர்ட்னு ஒருத்தர், அந்தக் கூட்டத்துல இவங்களும் வந்தாங்க.

நல்ல நிலம் தர்றோம்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தாங்க. வந்து பார்த்தா புதர் மண்டின தரிசு, தண்ணி வசதி கிடையாது, எல்லாத்தையும் வெட்டி சுத்தம் பண்ணி உழுதாத்தான் உண்டு, அப்பாவுக்கோ எழுபது தாண்டியாச்சு. அதனால குடும்பத்தை தூக்கி நிறுத்தினது அம்மாதான். அங்க இருந்த ஸ்கூல்ல டீச்சரா சேர்ந்தாங்க, வாரத்துக்கு 2 பவுண்டு சம்பளம், அதுல அத்தனை பிள்ளைங்க வயித்தையும் பார்த்துக்கிட்டாங்க. 1887-ல கேன்சர்ல இறந்துட்டாங்க. டேவுக்கு அப்போ 13 வயசு. படிப்பை விட்டுட்டு வேலைக்குப் போனார், கீழ இருந்த தம்பி தங்கச்சிங்களையும் பார்க்கணும் இல்லையா. ஒரு டீமையே தாங்கிப் பிடிக்கிற குணம் எங்கிருந்து வந்துச்சுன்னு யாராவது கேட்டா நான் அந்த வீட்டைத்தான் காட்டுவேன்.

அதனால என் பதில்: பொறப்பு அயர்லாந்து, வளர்ப்பு நியூசிலாந்து. ரெண்டு ஊரும் இன்னைக்கு வரைக்கும் அவரை எங்க பிள்ளைன்னு சொல்லிக்குது.

கல்லகர்தானே குடும்பப் பேரு? ஏன் கேலஹர்?

ஆமா, அயர்லாந்துல எழுதினப்போ நடுவுல இன்னொரு "ஜி" இருந்துச்சு. நியூசிலாந்து வந்ததும் ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதுறாங்க, கூப்பிடுறாங்கன்னு அதை எடுத்துட்டாங்க. அவ்வளவுதான்.

வேலை என்ன பண்ணார்? ரக்பில சம்பளம் கிடைச்சுதா?

சம்பளம்லாம் அந்தக் காலத்துல கிடையவே கிடையாது. ஆக்லாந்து வந்த பிறகு முதல்ல மாவு மில்லுல வேலை, அப்புறம் ஆக்லாந்து ஃபார்மர்ஸ் ஃப்ரீசிங் கம்பெனில கூலி ஆளா சேர்ந்து பின்னாடி ஃபோர்மேன் ஆனார். கப்பல்ல ஏத்துமதி பண்ற இறைச்சியை உறைய வைக்கிற இடம், வெட்டின மிருகத்தோட முழு உடம்பை தோள்ல தூக்கி அடுக்கணும், ஜிம்மே தேவையில்ல. மேட்சுக்கு லீவு போட்டா கூலி போச்சு, அதனால கையில காசு நிக்காது, ரொம்ப வருஷம் ஒரு குடும்பத்தோட வீட்டுலதான் வாடகைக்கு தங்கியிருந்தார். அந்த வீட்டுப் பொண்ணையே பின்னாடி கட்டிக்கிட்டார், அது அப்புறம் வருது.

1895-ல பான்சன்பி கிளப்ல சேர்ந்தார். 1896-ல ஆக்லாந்து டீம். நியூசிலாந்து டீமுக்கு வந்தது 1903-ல, அப்போ கிட்டத்தட்ட 30 வயசு. அந்த வருஷம் ஆகஸ்ட் 15, சிட்னில ஆஸ்திரேலியாவை 22-3ன்னு ஜெயிச்சாங்களே, அது நியூசிலாந்து ஆடின முதல் டெஸ்ட், அதுல இவர் ஹூக்கர், அதாவது ஸ்க்ரம்ல (ரெண்டு டீம் ஆளுங்களும் குனிஞ்சு தோளோட தோள் முட்டித் தள்ளுறது) முன்னாடி நின்னு பந்தைக் காலால பின்னாடி இழுக்குற ஆள். அடுத்த வருஷம் வெலிங்டன்ல பிரிட்டிஷ் டீமை 9-3ன்னு தோக்கடிச்சப்போ விங்-ஃபார்வர்டு, அது என்னன்னு கீழ சொல்றேன்.

30 வயசு வரைக்கும் ஏன் லேட்?

நடுவுல போயர் போர் (தென்னாப்பிரிக்காவுல பிரிட்டிஷ்காரங்களுக்கும் போயர்ங்கற டச்சு வம்சாவளி ஆளுங்களுக்கும் நடந்தது) வந்துடுச்சு. 1901-ல தென்னாப்பிரிக்காவுக்கு நியூசிலாந்து குதிரைப்படையோட ஆறாவது பிரிவுல போனார், அப்புறம் பத்தாவது பிரிவுலயும் இருந்தார். அங்க மலேரியா வந்து ஆஸ்பத்திரில கிடந்தார்.

அங்கிருந்து தன் சகோதரிக்கு எழுதின ஒரு கடிதம் இருக்கு. ஒரு போயர் வீரன் நேரா துப்பாக்கி குறில வந்துட்டான், சுட்டிருந்தா முடிஞ்சுது, ஆனா சுட மனசு வரலன்னு எழுதியிருக்கார். அவன் இடத்துல நான் இருந்திருந்தா அவன் என்னை சுட்டிருப்பான், இருந்தாலும் அவனை விட்டதுல எனக்கு சந்தோஷம்தான்னும் அதுலயே சொல்றார். மைதானத்துல முரட்டு ஆளு, ஏமாத்துக்காரன்னு பிரிட்டிஷ் பேப்பர்கள் பின்னாடி எழுதினதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கடிதம்தான் ஞாபகம் வரும்.

கேப்டன் ஆனதுல ஏதோ பிரச்சனைன்னு சொல்றாங்களே?

இருந்துச்சு. 1905 ஜூலை கடைசியில ரிமுடாகான்னு கப்பல்ல வெலிங்டன்ல இருந்து கிளம்பினாங்க. நியூசிலாந்தோட தெற்குத் தீவு ஆளுங்களுக்கு (ஆக்லாந்து வடக்குத் தீவுல இருக்கு) மனசுல புகைச்சல், ஆக்லாந்துக்காரங்களுக்கே எல்லாம் போகுது, கேப்டனை நாங்கதானே தேர்ந்தெடுத்திருக்கணும் போர்டு எப்படி முடிவு பண்ணலாம்னு பேச்சு. கிளம்பி ஒரு வாரம் தாண்டினதும் இது கேலஹர் காதுக்குப் போச்சு. அவர் எல்லாரையும் கூப்பிட்டு நான் ராஜினாமா பண்றேன்னுட்டார், வைஸ் கேப்டன் பில்லி ஸ்டெட்டும் நானும்தான்னு கூட நின்னார், இத்தனைக்கும் ஸ்டெட் தெற்குத் தீவுக்காரர். மேனேஜர் ஜார்ஜ் டிக்சன் ஒத்துக்கல. கடைசில ஓட்டு எடுத்தாங்க, 29 பேர்ல 17 பேர் இவரே இருக்கட்டும்னு சொன்னாங்க.

17 பெரிய மெஜாரிட்டி இல்ல. மிச்சம் 12 பேரோடயும்தான் மாசக்கணக்குல ஊர் ஊரா ஆடணும். ஆடினாங்க, அந்த டூர் முழுக்க டீம் உடையல. கப்பல் டெக்லயே தினமும் பயிற்சி. யார் எங்க நிக்கணும், யார் வேலை என்ன, லைன்அவுட்ல (வெளிய போன பந்தை ஓரத்துல இருந்து உள்ள வீசுறது) எந்த சிக்னலுக்கு பந்து யாருக்கு, எதிராளியை ஏமாத்த பொய்யா ஓடுற ஆள் யாருன்னு எல்லாத்தையும் முன்னாடியே பேசி வெச்சுக்கிட்டாங்க. பிரிட்டன்ல அப்போ ஸ்க்ரம்முக்கு முதல்ல வந்து சேர்ற ஃபார்வர்டு (ஸ்க்ரம்ல நிக்கிற முன் ஆட்டக்காரர்) எந்த இடம் காலியோ அங்க தலையை விடுற பழக்கம். இவங்ககிட்ட ஒவ்வொருத்தனுக்கும் அவனவன் இடம்.

டூர் ரிசல்ட் என்ன?

மொத்தம் 35 மேட்ச், 34 ஜெயிச்சாங்க. அடிச்ச பாயிண்ட் 976, விட்டுக்கொடுத்தது 59. அப்போ ட்ரைக்கு (எதிராளி கோட்டுக்கு அந்தப் பக்கம் பந்தைத் தரையில வெக்கிறது) 3 பாயிண்ட்தான், இன்னைக்கு மாதிரி 5 இல்ல, அதை மனசுல வெச்சுக்கிட்டு திரும்பவும் அந்த 976-ஐ பாருங்க.

முதல் மேட்ச் செப்டம்பர் 16, டெவன் கூட, 55-4. டெவன் அப்போ இங்கிலாந்துல நல்ல டீம். தந்தில வந்த ஸ்கோரை லண்டன் பேப்பர் ஆபீஸ்ல நம்பவே இல்ல, எங்கயோ தப்பு வந்திருக்குன்னு சில பேப்பர்ல 5-4ன்னு திருத்திப் போட்டாங்க. ஸ்காட்லாந்தை 12-7, அயர்லாந்தை 15-0, இங்கிலாந்தை 15-0. அயர்லாந்து மேட்ச்ல கால் அடியால கேலஹர் ஆடல, பொறந்த நாட்டுக்கு எதிரா கேப்டனா நிக்க வேண்டிய நாள் அப்படிப் போயிடுச்சு, அது எனக்கு ஒரு வருத்தம். 1906 ஜனவரி 1 பாரிஸ்ல 38-8, அது பிரான்சோட முதல் டெஸ்ட், கேலஹரோட கடைசி டெஸ்ட்.

"ஆல் பிளாக்ஸ்"ங்கற பேரு அச்சுப் பிழையால வந்துச்சாமே?

எல்லாரும் பேக்ஸ் (பின்னாடி நின்னு பந்தோட வேகமா ஓடுற ஆட்டக்காரங்க) மாதிரி ஓடுறாங்கன்னு ஒரு நிருபர் "ஆல் பேக்ஸ்"னு எழுதினார், அச்சு கோக்கும்போது நடுவுல ஒரு எழுத்து சேர்ந்து "பிளாக்ஸ்" ஆயிடுச்சுன்னு கதை. நல்ல கதைதான், ஆனா நம்ப முடியாது. டெவன் மேட்ச் முடிஞ்ச உடனேயே அந்த ஊர் பேப்பர் உடுப்போட கலரை வெச்சு ஆல் பிளாக்ஸ்னு எழுதியிருக்கு. கருப்பு சட்டை, கருப்பு டிரவுசர், கருப்பு சாக்ஸ், வேற என்ன பேர் வைப்பாங்க.

விங்-ஃபார்வர்டுன்னா என்ன? அவர் ஏமாத்தினார்னு ஏன் சொன்னாங்க?

இதுதான் எல்லாரும் கேக்குற கேள்வி, கொஞ்சம் பொறுமையா படிங்க.

மத்த டீம் எல்லாம் ஸ்க்ரம்ல 8 பேரை வெச்சாங்க. நியூசிலாந்து 7 பேரை 2-3-2ன்னு ஆப்பு மாதிரி நிறுத்துச்சு. எட்டாவது ஆள் வெளிய நிப்பார், அவர்தான் விங்-ஃபார்வர்டு. அவர் ஸ்க்ரம்முக்குள்ள பந்தை உருட்டி விடுவார், விட்டதும் ஒரு கையால ஹூக்கரைப் பிடிச்சுக்கிட்டு ஓரத்துல நிப்பார். ஆப்பு மாதிரி இருக்கறதால பந்து சட்டுனு பின்னாடி வந்துடும். எதிர் டீம் ஹாஃப்பேக் (ஸ்க்ரம்ல இருந்து வர்ற பந்தை எடுத்து பேக்ஸுக்குக் குடுக்குற ஆள்) ஓடி வந்து நியூசிலாந்து ஹாஃப்பேக்கைப் பிடிக்கணும்னா நடுவுல இந்த ஆள் நிக்கிறார், சுத்திக்கிட்டுத்தான் போகணும். அந்த ஒரு செகண்ட் போதும், பந்து பேக்ஸ் கைக்குப் போயிடும்.

பிரிட்டிஷ்காரங்க இது மறிப்பு, ஆஃப்சைடுன்னாங்க. கூட்டம் ஒவ்வொரு ஊர்லயும் கேலஹரைப் பார்த்து கத்துச்சு, பேப்பர்காரங்க ஏமாத்துக்காரன்னே எழுதினாங்க. அவர் முழங்காலுக்குக் கீழ ஷின் பேட் கட்டியிருப்பார், அவ்வளவு உதை விழும் அந்த இடத்துல.

என் கருத்தைச் சொல்லிடுறேன். அவர் ஸ்க்ரம்மைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற வரைக்கும் அன்னைக்கு இருந்த விதிப்படி தப்பு இல்ல. ஆனா அந்த இடமே விதியோட விளிம்புல நிக்கிற இடம், சில நேரம் கால் அந்தப் பக்கம் போயிருக்கும், அதையும் மறுக்க முடியாது. விதி புத்தகத்தை வரி வரியா படிச்சு அதுல இருக்குற இடைவெளியை கண்டுபிடிச்சு அங்க ஒரு ஆளை நிறுத்தினாங்க, அது மூளை. பிடிக்கலன்னா விதியை மாத்தணும், 1930-கள் தொடக்கத்துல உலக போர்டு அதைத்தான் பண்ணுச்சு, முன் வரிசைல 3 பேர் கட்டாயம்னு வந்ததும் விங்-ஃபார்வர்டே இல்லாம போயிட்டார். ஒரு தனி மனுஷனை ஏமாத்துக்காரன்னு திட்டினது நியாயம் இல்ல.

வேல்ஸ் மேட்ச்ல நிஜமாவே ஏமாத்தி தோக்கடிச்சாங்களா?

1905 டிசம்பர் 16, கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க். நியூசிலாந்து அதுவரைக்கும் ஒரு மேட்ச் கூட தோக்கல, வேல்ஸ் பிரிட்டன்லயே பெரிய டீம். நியூசிலாந்து ஹாகா (மேட்சுக்கு முன்னாடி ஆடுற மாவோரி நடனம்) ஆடி முடிச்சதும் வேல்ஸ் ஆட்டக்காரங்க அவங்க நாட்டுப்பாட்டை ஆரம்பிச்சாங்க, மொத்தக் கூட்டமும் சேர்ந்து பாடுச்சு. மேட்சுக்கு முன்னாடி நாட்டுப்பண் பாடுற வழக்கமே அங்கதான் தொடங்குச்சுன்னு சொல்வாங்க.

ரெஃப்ரி ஜான் டல்லஸ், ஸ்காட்லாந்துக்காரர். ஸ்க்ரம்ல கேலஹர் பந்து விடுறது சரியில்லன்னு திரும்பத் திரும்ப பெனால்ட்டி குடுத்தார். கடைசில கேலஹர் தன் ஹூக்கர்கள்கிட்ட பந்துக்குப் போட்டி போடாதீங்க, விட்டுடுங்கன்னே சொல்லிட்டார், யோசிச்சுப் பாருங்க, ஒவ்வொரு ஸ்க்ரம்மும் எதிராளிக்கு தானம். முதல் பாதில வேல்ஸ் ஒரு பக்கம் ஓடுற மாதிரி ஓடி சட்டுனு மறுபக்கம் திருப்பினாங்க, டெடி மார்கன் ஓரத்துல ட்ரை போட்டார். 3-0.

ரெண்டாம் பாதில பில்லி வாலஸ் பந்தோட கிழிச்சுக்கிட்டு ஓடி பாப் டீன்ஸ் கைல குடுத்தார், டீன்ஸ் கோட்டுகிட்ட விழுந்தார். கோட்டுக்கு மேல பந்தை வெச்சேன், அப்புறம்தான் என்னை பின்னாடி இழுத்தாங்கன்னு டீன்ஸ் சொன்னார், பேப்பருக்குத் தந்தியே அடிச்சார். வேல்ஸ்காரங்க கோட்டுக்கு முன்னாடியே மடக்கிட்டோம்னாங்க. டல்லஸ் சாதாரண நடக்குற பூட்ஸ் போட்டிருந்தார், ஓட்டத்துல பின்தங்கி வந்து பார்த்து ட்ரை இல்லன்னார். ஸ்கோர் அப்படியே முடிஞ்சுது. நூறு வருஷம் தாண்டியும் ரெண்டு நாட்டுக்காரங்களும் இதைப் பேசுறாங்க.

டீன்ஸ் வெச்சாரா இல்லையான்னு என்னால தீர்ப்பு சொல்ல முடியாது, யாராலயும் முடியாது. ஆனா கேலஹர் என்ன பண்ணார்னு பாருங்க. ரெஃப்ரியைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா பேசல. வேல்ஸ் கேப்டன் க்வின் நிக்கல்ஸ் கூட சட்டையை மாத்திக்கிட்டார். ஊருக்குத் திரும்பி ஆக்லாந்து துறைமுகத்துல ஆயிரக்கணக்கான ஜனங்க வரவேற்க வந்தப்பவும், அன்னைக்கு நல்லா ஆடின டீம்தான் ஜெயிச்சுதுன்னு சொன்னார். இனிமே டூர் போனா வேல்ஸ் மேட்ச்களை முதல்ல வெச்சுக்கோங்கன்னு மட்டும் யூனியனுக்கு ஒரு யோசனை, ஏன்னா கடைசில போகும்போது உடம்பு விட்டுப்போச்சுன்னு அவருக்குத் தெரியும். மொத்த நாடும் அநியாயம்னு கத்தும்போது அதுக்கு நடுவுல நின்னு இப்படிச் சொல்றதுக்கு நெஞ்சு வேணும்.

அந்தச் சட்டை 2015-ல கார்டிஃப்ல ஏலத்துக்கு வந்து 1,80,000 பவுண்டுக்குப் போச்சு.

டூர்ல காசு யாருக்குப் போச்சு?

யூனியன்களுக்கு. ஆட்டக்காரங்களுக்கு கைச்செலவுக்குன்னு ஒரு நாளைக்கு 3 ஷில்லிங். அதையும் ஸ்காட்லாந்து போர்டு பின்னாடி இது தொழில்முறைன்னு சண்டைக்குப் பிடிச்சுது. அதே ஸ்காட்லாந்து இன்னொரு விஷயத்துல கை சுட்டுக்கிச்சு: குறிப்பிட்ட தொகை தர மாட்டோம், டிக்கெட் வசூலை வேணா எடுத்துக்கோங்கன்னு சொன்னாங்க, கூட்டம் அலைமோதி நல்ல வசூல், எல்லாம் நியூசிலாந்துக்குப் போயிடுச்சு.

புத்தகம் எழுதினார்னு கேள்விப்பட்டேன்?

ஸ்டெட்டும் இவரும் சேர்ந்து. டூர் முடிஞ்ச கையோட ஒரு பதிப்பகம் ஆளுக்கு 50 பவுண்டு தர்றோம்னு சொல்லுச்சு, ரெண்டு வாரத்துக்குள்ள 300 பக்கத்துக்கு மேல எழுதிக் குடுத்தாங்க. எழுத்து வேலை பெரும்பாலும் ஸ்டெட்தான், அவர் பூட்ஸ் தைக்கிறவர். ஒரு செருப்புத் தொழிலாளியும் ஒரு ஃப்ரீசிங் கம்பெனி ஃபோர்மேனும் சேர்ந்து எழுதினது ரக்பி நுணுக்கத்துக்கு ரொம்ப காலம் முக்கியமான புத்தகமா இருந்துச்சு.

கல்யாணம், குடும்பம்?

1906 அக்டோபர் 10, நெல்லி ஃபிரான்சிஸ். தங்கியிருந்த வீட்டுப் பொண்ணு, இவரை விட 11 வயசு சின்னவங்க, சர்ச் பாடகர் குழுவுல பாடுவாங்க. நெல்லியோட சகோதரர் ஆர்தர் "போலா" ஃபிரான்சிஸும் நியூசிலாந்துக்கு ஆடினவர். 1908 செப்டம்பர் 28-ல மகள் நோரா பொறந்தா. டூருக்குப் பிறகு ஆடறதை விட்டுட்டு ஆக்லாந்து டீமுக்கு தேர்வாளரா இருந்தார், 1907-ல இருந்து 1914 வரைக்கும் நியூசிலாந்து டீமுக்கும்.

தம்பி செத்ததுக்குப் பழி வாங்கத்தான் முதல் உலகப் போருக்குப் போனாரா?

இல்லைங்க. இந்தக் கதையை எல்லா இடத்துலயும் எழுதுறாங்க, தேதி ஒத்துவரல. இவர் பேர் குடுத்தது 1916 மே மாசம். தம்பி டக்ளஸ் ஆஸ்திரேலியப் படையில இருந்தார், பிரான்ஸ்ல லவென்டி பக்கம் இறந்தது ஜூன் 3. பேர் குடுத்துட்டு கூப்பிடுறதுக்காக காத்திருக்கும்போதுதான் அந்த சேதி வந்துச்சு.

எனக்கு இந்த நிஜம்தான் ரொம்ப கனமா தெரியுது. வயசு 42, கல்யாணம் ஆனவர், 7 வயசுல பொண்ணு, கட்டாய ராணுவத்துல இருந்து விலக்கு இருக்கு, ஒரு போர் எப்படி இருக்கும்னு ஏற்கனவே பார்த்தவர். கோவம் தலைக்கேறி போனார்னா புரிஞ்சுக்கலாம். இவர் யோசிச்சுத்தான் போனார், கூட ஆடின பசங்க, தன் தம்பிங்க எல்லாம் அங்க இருக்காங்க, தான் மட்டும் வீட்டுல இருக்கறது சரியில்லன்னு நினைச்சிருப்பார்னு எனக்குத் தோணுது. போயிருக்க வேணாம்னு மனசு அடிச்சுக்குது.

எப்படி இறந்தார்?

1917 பிப்ரவரில வெலிங்டன்ல இருந்து கப்பல். அந்தக் கப்பல்லயும் விளையாட்டுக் கமிட்டில இருந்தார், வழியில தென்னாப்பிரிக்கா முனையில ஒரு ரக்பி மேட்ச் ஆடறதுக்கு பசங்களுக்கு பயிற்சி குடுத்தார். இங்கிலாந்துல சார்ஜென்ட் ஆனார். அக்டோபர் 4, பெல்ஜியத்துல பாஷண்டேல் சண்டை, கிராவன்ஸ்டாஃபெல் மேட்டை நியூசிலாந்துப் படை பிடிச்ச நாள். குண்டுச் சிதறல் தலைல பட்டு அன்னைக்கே ஆஸ்திரேலிய மருத்துவ முகாம்ல இறந்துட்டார். 43 வயசு. நோராவுக்கு 9 வயசு முடிஞ்சு ஒரு வாரம் கூட ஆகல.

அடுத்த வருஷம் ஏப்ரல்ல இன்னொரு சகோதரர் ஹென்றியும் பிரான்ஸ்ல போயிட்டார். ஹென்றியோட ரெட்டையர் சார்லஸ் துருக்கில கலிப்பொலி சண்டைல பலமா அடிபட்டுப் பிழைச்சவர். ஒரே வீட்டுல மூணு சாவு. அந்தப் போர்ல இறந்த ஆல் பிளாக்ஸ் மொத்தம் 13 பேர்.

இப்போ அவர் ஞாபகமா என்னென்ன இருக்கு?

ஆக்லாந்து கிளப் டீம்களுக்கு கேலஹர் ஷீல்டு, 1922-ல இருந்து, அதிகம் ஜெயிச்சது அவரோட பான்சன்பிதான். 2000-ல இருந்து பிரான்சும் நியூசிலாந்தும் மோதுறது டேவ் கேலஹர் கோப்பைக்கு. ஆக்லாந்து ஈடன் பார்க் மைதான வாசல்ல 2011-ல வெண்கலச் சிலை வெச்சாங்க. டோனிகால்ல லெட்டர்கென்னி கிளப்போட மைதானத்துக்கு அவர் பேரு, ரமெல்டன்ல பொறந்த வீட்டுல 2005-ல கல்வெட்டு திறந்தப்போ அப்போதைய கேப்டன் டானா உமாகாவே வந்தார்.

கல்லறை எங்க?

பெல்ஜியத்துல போப்பரிங்கே ஊருக்கு மேற்கால, நைன் எல்ம்ஸ் பிரிட்டிஷ் கல்லறைத் தோட்டம். ஐரோப்பா போற ஆல் பிளாக்ஸ் டீம்கள் அங்க போய் நின்னுட்டு வர்றது வழக்கம். மத்த வீரர்களுக்கு இருக்குற அதே அளவு வெள்ளைக் கல்தான், நியூசிலாந்து சின்னமான சில்வர் ஃபெர்ன் இலை செதுக்கியிருக்கும், ரக்பி கேப்டன்னு தனி மண்டபம் ஒண்ணும் கிடையாது. கல்லுல வயசு 41ன்னு இருக்கும், அது தப்பு, 43தான். போறவங்க குழம்பிடாதீங்க, அந்தக் கல்தான் அவர்து.